ஒரு குடும்பத்து இமைகள்

மகள் தன் கண் இமைகளை டேப் ஒட்டித் தூக்கிய காலையில், நகரப் பேருந்து ஓட்டும் அவள் அம்மாவின் இமைகள் அதே அளவுக்குக் கீழே இறங்கின. அம்மா அப்போது பணிமனையில் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் பாதி உலகம்தான் தெரிந்தது. மழை கட்டுகிறதாக்கும் என்று விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அம்மா வழியில் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கண். இமை சரிந்து, ஓரம் இறங்கி, பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்ட மாதிரி இருக்கும். அம்மாவோ அவள் அண்ணனோ தங்கையோ அதை ஒரு குறையாக நினைத்ததே இல்லை. மகளுக்குப் பதினைந்து வயது, பள்ளியில் பட்டப்பெயர் 'தூக்கம்'. அவள் நுழைந்ததும் வகுப்பே சேர்ந்து கொட்டாவி விடும். அவளும் கூடச் சிரித்துவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுவாள். அழுதால் கண் வீங்கி இன்னும் சிறுத்துவிடும் என்பதால் அதையும் சீக்கிரமே முடித்துக்கொள்வாள். அப்பாவுக்கு நல்ல உருண்டைக் கண். அதில் கொஞ்சம்கூடத் தனக்குக் கொடுக்காத குற்றத்துக்காக அவரோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். அறுவை சிகிச்சை என்று வாயெடுத்தபோதே அம்மா முறைத்த முறைப்பில் அந்தப் பேச்சு முடிந்துபோனது. மிச்சம் இருந்தது போன் வீடியோக்கள். குளிரூட்டிய கரண்டியை இமைமேல் வைத்ததில் ஜலதோஷம் பிடித்தது. மையை மேல்நோக்கி இழுத்தால் மத்தியானத்துக்குள் அது கன்னத்துக்கு வந்துவிட்டது. கடைசியாகப் பிறை வடிவில், ஒட்டினால் தெரியாத மெல்லிய டேப் பலித்தது. அன்று யாரும் கொட்டாவி விடவில்லை. முன்பெஞ்சுக்காரி ஒருத்தி திரும்பி அவளிடம் பேனாகூடக் கேட்டாள்.

ஓட்டுநர் தூங்கிக்கொண்டே ஓட்டுகிறார் என்று பயணிகள் புகார் செய்ய, அந்த வாரமே அம்மாவை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, வண்டி கழுவுவதை மேற்பார்வை பார்க்க உட்காரவைத்தார்கள். கண் மருத்துவர் விளக்கடித்துப் பார்த்து, வயசாகிறதில்லையா என்றார். அம்மா யாரிடமும் மூச்சு விடாமல் மகளின் டேப்பில் இரண்டை எடுத்துத் தானும் ஒட்டிக்கொண்டு போனாள். வங்கி வாசலில் காவல் நின்ற மாமா, வேலை நேரத்தில் தூங்கியதாக அன்றைக்கே மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். என்னவென்று கேட்க அம்மாவிடம் வந்தவர் அவள் இமையில் இருந்த டேப்பைப் பார்த்துவிட்டு, தானும் டேப் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். அவர் ஒட்டியதும் முடிவெட்டும் சித்தியின் கண் இறங்கி, ஒரு வாடிக்கையாளரின் கிருதா ஒரு பக்கம் காணாமல் போனது. சித்தியும் ஒட்டினாள். மறுநாள் கணக்கு வகுப்பில், டேப்பையும் மீறி மகளின் கண் இழுத்து மூடிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடினார்கள். குடும்பம் மொத்தத்துக்கும் இருக்கிற திறப்பு இவ்வளவுதான், ஒருத்தர் கூட்டிக்கொண்டால் இன்னொருத்தருக்குக் குறையும் என்று சித்தி விளக்கினாள். பாகம் பிரித்ததில் நமக்கு வந்தது இதுதானா என்று மாமா நொந்துகொண்டார். பெரியவர்கள் டேப்பைக் கழற்றி மேசையில் வைத்தார்கள். மகள் மட்டும் கை வைக்கவில்லை. பள்ளி அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப்போகிறார்கள், படிப்பு முடியும்வரை கழுத்தில் தொங்கப்போகிற படம்.

"நீ ஒட்டினா என் வண்டி போனது போனதுதான் பாப்பா" என்றாள் அம்மா.

"உனக்கு வண்டியாவது இருக்கு. எனக்கு என்னம்மா இருக்கு?"

அப்பா தன் உருண்டைக் கண்ணைத் தரையில் புதைத்துக்கொண்டார். வெகுநேரம் கழித்து மகள் எழுந்து, டேப்பை உரித்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா மறுபடி ஸ்டியரிங் பிடித்தாள். அதில் அவளுக்குச் சந்தோஷமே இல்லை.

படம் எடுக்கும் நாளில் மகளுடைய வகுப்பின் முறை எப்போது என்று அம்மா பள்ளிக்குப் போன் செய்து கேட்டு, அண்ணனுக்கும் தங்கைக்கும் சொல்லிவைத்தாள். அந்த நேரத்துக்குப் பேருந்தை ஓரம்கட்டி, "ஒரு நிமிஷம் பொறுத்துக்குங்க, என் பொண்ணைப் படம் எடுக்கறாங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மேலாளர் பார்க்கப் பார்க்க மாமா மூடிக்கொண்டார். கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சித்தி மூடிக்கொண்டாள். எதையும் எதிர்பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகளின் கண்கள் திறந்தன. திறந்துகொண்டே போயின. படம் எடுப்பவர் இரண்டடி பின்னால் நகர்ந்து எடுக்கவேண்டியதாயிற்று. படத்தில் கண் போக மிச்ச இடத்தில்தான் மூக்கும் வாயும் இருந்தன. யார் யார் கண்ணை மூடினார்கள் என்று படத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வகுப்பு முழுக்கப் பார்க்க, வீங்கினால் வீங்கட்டும் என்று அழுதாள். வேறு எடுக்கவா என்று கேட்டதற்கு, இதுவே இருக்கட்டும் என்றாள். அட்டையில் இருப்பது நீதானா என்று வாயிற்காவலர் கேட்டால், "எங்க வீட்டுக் கண்ணெல்லாம் அதுல இருக்குங்க" என்பாள். அவரும் உள்ளே விட்டுவிடுவார்.

பிறகு சித்திக்குக் குழந்தை பிறந்து முதன்முதலாக அதன் முகம் பார்த்தபோதும், மாமா இரவுக் காவலுக்கு மாறியபோதும், மகள் கல்லூரி நேர்காணலுக்குப் போனபோதும் மற்றவர்கள் மூடிக்கொண்டார்கள். இப்போதும் சில நாட்களில் அந்தப் பேருந்து நடுவழியில் ஓரமாக நிற்கும், ஓட்டுநர் கண்ணை மூடியிருப்பார். புதிதாக ஏறியவர்கள்தான் பதறுவார்கள். அவங்க வீட்டில் யாருக்கோ கண் வேண்டியிருக்கு என்று சொல்லிவிட்டு, மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.