கவுண்டர் கை நனைத்த இடம்

மேட்டூர் அணை கட்டி முடிந்த மறு வருஷம், தண்ணீரைப் பார்த்தபடி இருந்த சண்முகவேல் கவுண்டரின் நாலு ஏக்கர் மேட்டுக் காட்டுக்குத் திடீரென்று மவுசு வந்துவிட்டது. ஊட்டி, பெங்களூர் என்று ஊருக்கு ஊர் ஓட்டல் வைத்திருந்த கிளாரன்ஸ் கம்பெனியும் மார்லோ கம்பெனியும் ஓட்டல் கட்ட அதைக் குத்தகைக்குக் கேட்டன. முப்பது வருஷக் குத்தகை. தப்பான ஆளுக்குக் கொடுத்துவிட்டால் கவுண்டர் ஆயுசுக்குள் திருத்த முடியாது. ஏற்காட்டில் இரண்டு கம்பெனிக்கும் ஓட்டல் இருந்ததால், இரண்டிலும் இரண்டிரண்டு நாள் விருந்தாளியாகத் தங்கிப் பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு.

கிளம்பும்போதே மனைவி நல்லம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பெண் பார்க்கப் போன வீட்டில் சம்பந்தம் முடிவாகாமல் யாராவது கை நனைப்பார்களா? சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். நிலத்துக்கும் அதே நியாயம்தான். ஆகவே நாலு நாளைக்கும் புளிச்சோறு கட்டிக்கொண்டார்கள்.

கிளாரன்ஸில் மெத்தை ஆளை விழுங்கியது. நல்லம்மாள் தரையில் ஜமுக்காளம் விரித்தாள். குளிக்கும் தொட்டியில் எருமை இரண்டு தாராளமாக இறங்கலாம் என்று கவுண்டர் மெச்சினார். வெள்ளித் தட்டுகள் வந்த வேகத்தில் திரும்பின. சமையல் பிடிக்கவில்லை என்று எண்ணிய மேனேஜர் சமையற்காரரை மாற்றினார்.

அங்கே மணியடித்தால் ஒருவன் வந்தான். மார்லோவில் அடிக்காமலே மூன்று பேர் நின்றார்கள். கவுண்டருக்குப் புரண்டு படுக்கக்கூடக் கூச்சமாக இருந்தது. அவர்கள் நீட்டிய தட்டும் திரும்பியது.

மூன்றாம் நாள் புளிச்சோறு ஊசிப்போயிற்று. நாலாம் நாள் மத்தியானம் பசியில் கவுண்டருக்குக் காது அடைத்தது. காற்றாட இருக்கட்டும் என்று நல்லம்மாள் அவரைக் கொல்லைப்புறம் கூட்டிப்போனாள். அங்கே ஓட்டலில் நாற்காலி துடைக்கும் கைலாச முதலியார், ராசிபுரத்தில் தறி நின்றுபோய் வேலைக்கு வந்தவர், தனக்கென்று கம்பஞ்சோற்றில் மோர் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். கவுண்டரின் முகத்தைப் பார்த்தவர் ஒன்றும் கேட்காமல் சட்டியை நீட்டினார். கவுண்டரும் ஒன்றும் யோசிக்காமல் வழித்துத் தின்றார். தின்ற பிறகுதான் பயம் வந்தது.

"ஏனுங்க முதலியாரே, இது கம்பெனிச் சோறுங்களா?" என்றாள் நல்லம்மாள்.

"இல்லீங்கம்மா. என்ர சொந்தக் கம்புங்க."

நல்லம்மாள் கணவரிடம் திரும்பினாள். "அப்பறம் என்னுங்க? கை நனைச்சாச்சு. நெலம் இவருக்குத்தான்."

"இவருக்கு ஓட்டல் ஏது?"

"பசிக்குச் சோறு போட்டாருல்லங்க. ஓட்டலு வேற எதுக்குங்க?"

சாயங்காலம் மார்லோ மேனேஜர் பத்திரத்தோடு வந்தபோது, நிலம் கொடுத்தாயிற்று என்றார் கவுண்டர். யாருக்கு என்று கேட்டதற்கு, துணியும் கையுமாகக் கதவோரம் நின்ற கைலாசத்தைக் காட்டினார்.

மேனேஜர் பத்திரத்தை மேஜைமேல் வைத்தார். பிறகு தாமே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க, மிஸ்டர் கைலாசம்."

கைலாசம் நாற்காலியை ஒருமுறை துடைத்துவிட்டு உட்கார்ந்தார். குத்தகைப் பேச்சு, இந்தத் தடவை அவரோடு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பமாயிற்று.