தலைமையுரை வீட்டு ரப்பர் செடி

மானுட வரலாற்றின் போக்கையே மாற்றியிருக்க வேண்டிய, ஆனால் ஏனோ மாற்றத் தவறிவிட்ட மாபெரும் நிகழ்வொன்று இங்கே பதிவு செய்யப்படுகிறது: நான்காம் மாடி வலப்பக்க வீட்டில், சன்னலோரத் தொட்டியில் நின்ற ரப்பர் செடிக்குத் தண்ணீர் ஊற்றினால், செத்துப்போன வீட்டம்மாளின் குரல் கேட்டது. காரணம் எளிது. கல்யாணமான வருஷம் வாங்கிய செடி அது. அன்று முதல் அந்த அம்மாள் ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்துக்கொண்டே அதனிடம் பேசி வந்தார். வெந்நீர்ப் பாத்திரத்தில் உப்புப் படிவதைப்போல, பேச்சு மண்ணில் இறங்கிப் படிந்துவிட்டது.

வீட்டில் மனிதர் இருக்கச் செடியிடம் ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். அந்த மனிதர் எப்போதும் பேசிக்கொண்டிருந்தார். குடியிருப்புச் சங்கக் கூட்டம், லிஃப்ட் பழுது நீங்கிய விழா, மாடிப்படிக் கைப்பிடிக்கு வர்ணம் பூசிய விழா, எதுவானாலும் தலைமை அவர்தான். அலுவலகத்திலிருந்து அவர் ஓய்வு பெற்றார். அவர் வாய் பெறவில்லை. சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோய் ‘தலைமையுரை’ என்பதே நிலைத்தது. குழம்பில் உப்புக் குறைவு என்பதைச் சொல்லக்கூட அவர் முன்னுரை, பொருளுரை, முடிவுரை வைத்திருந்தார். மனைவியின் இரங்கல் கூட்டத்துக்கும் அவரே தலைமை தாங்கினார். நேரமின்மையால் மனைவியைப் பற்றிப் பேச முடியாமல் போயிற்று.

அதற்கடுத்த வாரம் செடிக்கு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றியபோதுதான், “கீழ்வீட்டுத் தையல்காரம்மாவுக்கு முழங்கால் வலியாம். படி ஏறாதீங்கன்னா கேக்க மாட்டேங்குறாங்க” என்றது மண். தலைமையுரை வாழ்நாளில் முதல்முறையாகப் பதில் சொல்லாமல் உட்கார்ந்தார். மேல்மண்ணில் கடைசி வருஷப் பேச்சு இருந்தது. தண்ணீர் இறங்க இறங்கப் பழைய பேச்சு வந்தது. ஒருமுறை சொன்னதை அது மறுபடி சொல்லவில்லை. கட்டடமே வந்து கேட்டது. தையல்காரம்மா தன் முழங்காலைப் பற்றிக் கேட்டு அழுதார். லிஃப்ட் ரிப்பேர்காரரின் சிரிப்பு நல்ல சிரிப்பு என்று மண் சொன்னதும், பாவம், அவர் சிரிப்பதையே நிறுத்திவிட்டார். சன்னல் கம்பியில் வந்து உட்காரும் நொண்டிப் புறாவைப் பற்றி மட்டும் மூன்று குவளைக்குப் பேச்சிருந்தது. கணவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடியில் இருக்கும், பழைய மண்ணில் இருக்கும் என்று அவர் நாற்காலி போட்டுக் காத்திருந்தார்.

பிறகு தண்ணீர் இறங்குவது நின்றது. ஊற்றியதெல்லாம் ஓரமாக வழிந்து தட்டில் தேங்கியது. இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழுந்தன. பல் மருத்துவரான மகள் வந்து, தொட்டியைச் சாய்த்து அடி ஓட்டையைப் பார்த்தாள்.

“வேர் சுருண்டு அடைச்சிடுச்சுப்பா. பெரிய தொட்டிக்கு மாத்தணும். தாய்மண் கலையாம அப்படியே தூக்கி வெச்சாப் போதும்.”

“அந்த மண்ணுக்குள்ள என்னைப் பத்தி இருக்கும்ல?”

“இருந்துட்டுப் போகட்டுமே.”

“கரைச்சா கேக்கலாம்.”

“கரைச்சா அம்மா அதோட சரி. அப்புறம் ஒண்ணும் மிஞ்சாது. உசுரோட இருக்கும்போது கேக்காத ஆளுக்கு இப்ப என்னப்பா அவசரம்?”

அவர் பழைய செய்தித்தாள் தேடப் போனார்.

அதை விரித்து, தொட்டியின் உள்விளிம்பைக் கத்தியால் சுற்றி அறுத்து, இருவருமாகச் செடியை உருவினார்கள். வேர், தொட்டி வடிவத்திலேயே பின்னிக் கிடந்தது. கடையில் வாங்கிய பெரிய தொட்டி மேலே வந்துவிட்டது, மண் மூட்டை இன்னும் கீழே வண்டியில் இருந்தது. எடுத்துவர மகள் இறங்கினாள். அந்த இடைவேளையில் தலைமையுரை வேர்க்கட்டியைத் தூக்கி வாளித் தண்ணீரில் முக்கினார்.

மண் கரையக் கரைய வருஷங்கள் கரைந்தன. மகள் தூக்கத்தில் பல் கடிப்பது, மகளின் காய்ச்சல், குழாயில் தண்ணீர் வராத கோடை, ஊரிலிருந்து வந்த சாவுச் செய்தி, தனக்குப் பாடவரும் என்பது. தலைமையுரைக்கு அதுவரை தெரியாது, மனைவிக்குப் பாடவரும் என்பது. மகள் மூட்டையோடு வாசலில் நின்றுவிட்டாள். கடைசியாக வேரின் நடுவே கைப்பிடியளவு செம்மண் மிஞ்சியது. அவர் கட்டைவிரலால் அழுத்தினார். அதிலிருந்து வந்தது அவருடைய சொந்தக் குரல், இளமையான குரல்.

“இதெல்லாம் நம்ம வீட்ல நிக்காது, வாடிடும். வெச்சுக்கறதுன்னா வெச்சுக்க. அப்புறம் எங்கிட்ட வந்து புலம்பாதே.”

“சரிங்க” என்றது ஒரு பெண்குரல்.

அதற்குப் பிறகு வாளியில் சேறுதான் இருந்தது. மகள் திட்டவில்லை, திட்டியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பெரிய தொட்டியில் செடியை நிறுத்தி, சுற்றிலும் புது மண் போட்டு அழுத்தி, கை கழுவிவிட்டுப் போனாள்.

புது மண்ணிலும் ஏதாவது படியட்டும் என்று அவர் தினமும் அதன் முன்னால் போய் நிற்கிறார். வாயைத் திறந்தால் ‘அவையோருக்கு வணக்கம்’ என்று வருகிறது, மூடிக்கொள்கிறார். படியில் பார்த்தால் தையல்காரம்மா விசாரிக்கிறார்.

“செடி ஏதாவது சொல்லுச்சுங்களா?”

“இல்லம்மா.”

“நீங்க?”

“நானும் இல்ல.”

செடிக்கு ஒரு குறையும் இல்லை. மாதம் ஓர் இலை விடுகிறது.