கெண்டைக்கால் அளவு

விமானம் விழுந்துவிடுமோ என்ற பயம் டெய்லருக்குக் கொஞ்சமும் இல்லை. விழுந்தால் எல்லாரும்தானே விழப்போகிறோம், அதில் தனியாகக் கவலைப்பட என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி. அவருடைய பயமெல்லாம் ஜன்னலோரச் சீட்டில் உட்கார்ந்திருந்த மனைவியின் கால்களைப் பற்றியது.

அவர்கள் கடையில் அவர் உட்கார்ந்து தைப்பார், அவள் நின்று இஸ்திரி போடுவாள். கல்யாணமான மறுமாதம் தொடங்கிய நிற்பு அது. நின்று நின்று அவள் கெண்டைக்காலில் நரம்புகள் நீலம் பாரித்து, புடைத்து, சுருண்டுகொண்டன. வெளிநாட்டில் இருக்கும் மகள் டிக்கெட் அனுப்பியதும் முதல் வேலையாக டாக்டரிடம் போனார்கள்.

"தாராளமா போகலாம். ஆனா அவ்வளவு நேரம் அசையாம உக்காந்திருந்தா கால்ல ரத்தம் உறைஞ்சு கட்டிக்கும். அது நகர்ந்து நெஞ்சுக்குப் போயிடுச்சுன்னா உயிருக்கே ஆபத்து" என்று தொடங்கிய டாக்டர், அப்பப்போ எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இதற்கென்றே விற்கிற இறுக்கமான காலுறை போட்டுக்கொள்ள வேண்டும் என்று பொறுமையாகத்தான் சொன்னார். டெய்லர் காதில் 'நெஞ்சுக்குப் போயிடுச்சுன்னா' என்பதற்கு மேல் எதுவும் ஏறவில்லை.

அன்றோடு அவர் தூக்கம் போயிற்று. நீண்ட பயணத்தில் சொகுசாக இருப்பது எப்படி என்று ஃபோனில் யார் யாரோ சொல்லித்தருவதை எல்லாம் பார்த்தார். பார்த்ததை எல்லாம் தைத்தார். கோட்டுத் துணி மிச்சத்தில் கழுத்துத் தலையணை, உள்துணியில் கண்மறைப்பு, முன் சீட்டில் மாட்டிக் காலைத் தூக்கி வைத்துக்கொள்ள ஒரு தொட்டில். மகள் ஃபோனில், "அப்பா, அம்மாவ நடக்க வச்சாலே போதும்ப்பா" என்றதற்கு, "நீ பேசாம இரு, எனக்குத் தெரியும்" என்றார்.

காலுறை மட்டும் மருந்துக்கடையில் வாங்கியது. வீட்டில் போட்டுப் பார்த்தபோது மேல்முனை நழுவிச் சுருண்டு பாதி காலுக்கு இறங்கிவிட்டது. கொண்டுபோய் வேறு அளவு மாற்றியிருக்கலாம். ஆனால் ஊருக்கே அளவெடுக்கிறவன் தன் வீட்டுத் துணி தொளதொள என்றிருக்கிறது என்று போய் நின்றால் மானம் என்னாவது? ஒருநாள் விடியற்காலையில் அவள் படுக்கையை விட்டு எழுவதற்குள் முட்டிக்குக் கீழே டேப்பைச் சுற்றி அளவெடுத்தார். பேன்ட் இடுப்புக்குப் போடும் பட்டை எலாஸ்டிக்கை வைத்து இரட்டைத் தையல் போட்டார். காலுறை ஆணி அடித்தது போல் நின்றது.

"எப்படி?"

"நல்லாருக்குங்க."

இத்தனைக்கும், இடுப்பு அளவெடுக்கும்போது வாடிக்கையாளரிடம், "சாப்பிட்டு வந்தீங்களா, சாப்பிடாமயா?" என்று கேட்டுவிட்டு அதற்கேற்ப விட்டுப்பிடிக்கிற மனிதர் அவர். வயிறு ஏறும் இறங்கும் என்பது தெரியும். காலும் ஏறும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அதுவும், ராத்திரி முழுக்க நீட்டிப் படுத்து வற்றிக்கிடந்த காலை அளந்திருக்கிறோம் என்பது சுத்தமாகத் தோன்றவில்லை.

விமானத்தில் சாப்பாடு முடிந்ததும் விளக்கை அணைத்தார்கள். வெளியே பட்டப்பகல். உள்ளே ஜன்னல்களை எல்லாம் இறக்கி இருட்டாக்கி வைத்துவிட்டு, எல்லாரும் நல்ல பிள்ளைகளாகத் தூங்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். டெய்லர் நடுச்சீட்டு. நடைபாதையை ஒட்டிய ஓரச்சீட்டில் ஒரு பருமனான மனிதர், முன்மேசையை விரித்துப்போட்டு அதன் மேல் கையைக் கட்டிக்கொண்டு குறட்டை விட்டார்.

"எழுந்து ஒரு நடை போயிட்டு வாயேன்" என்றார் டெய்லர்.

"பாவம், அசந்து தூங்குறாரு. அவரா எழுந்துக்கும்போது போறேன்."

"தண்ணியாவது குடி."

அவள் உதட்டை நனைத்துக்கொண்டு பாட்டிலை மூடினாள். குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், பாத்ரூம் போக வேண்டுமானால் அந்த மனிதரை எழுப்ப வேண்டும். எழுப்ப அவளுக்குக் கூச்சம். டெய்லருக்கு அதைவிடக் கூச்சம். முன்பின் தெரியாத ஒருவர் முகம் சுளித்துவிடக் கூடாதே என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தக் குறட்டைக்குக் காவல் இருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவள் நெளிய ஆரம்பித்தாள். "என்ன?" என்றால், "ஒண்ணுமில்ல." மறுபடி நெளிந்தாள். மறுபடியும், "ஒண்ணுமில்ல." பிறகு நெளிவதை நிறுத்திவிட்டாள். அதுதான் டெய்லரை நிமிர்ந்து உட்கார வைத்தது.

"இப்ப என்ன பண்ணுது?"

"இடது கால் இருக்கறதே தெரியலங்க."

அவர் கம்பளியை விலக்கி ஃபோன் வெளிச்சத்தில் பார்த்தார். கெண்டைக்கால் உப்பிப்போயிருந்தது. காலுறையின் திறந்த முனையில் விரல்கள் கறுத்து, வேறு யாருடைய விரல்களோ போலத் தெரிந்தன. கட்டைவிரலைக் கிள்ளினார். நகம் பதியக் கிள்ளினார். நிமிர்ந்து பார்த்தால், அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பங்க கிள்ளப்போறீங்க?" என்று கேட்டாள்.

 ரத்தம் கட்டிவிட்டது. டாக்டர் சொன்னது நடந்துவிட்டது. இனி அது நகரும். இந்த இருட்டுக்குள், எந்த நாட்டுக்கு மேலே பறக்கிறோம் என்றுகூடத் தெரியாத இடத்தில், இவளை விட்டுவிட்டு நான் மட்டும் போய் மகள் முன்னால் நிற்கப்போகிறேன். வாசலில் நிற்கும் மகளின் முகம் வந்தது. என்ன சொல்வேன்?

"மூச்சு வாங்குதா? நெஞ்சு வலிக்குதா? சொல்லு, வலிக்குதா?"

"நீங்க இப்படிக் கேட்டா வலிக்காததெல்லாம் வலிக்கும். கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள். ஆனால் அவளும் ஒருமுறை நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஆளைக் கூப்பிடும் பொத்தான் என்று நினைத்து ஒன்றை அழுத்தினார். தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. இன்னொன்றை அழுத்தினார். காற்று முகத்தில் அடித்தது. அதற்கு மேல் அவருக்குப் பொறுமை இல்லை. கூச்சமெல்லாம் எங்கே போயிற்றோ, ஓரச்சீட்டுக்காரரின் மேசையைத் தள்ளிவிட்டு, அவர் மடிமேல் ஏறாத குறையாகத் தாண்டி, பின்னால் திரை போட்டிருந்த இடத்துக்கு ஓடினார். அங்கே நின்றிருந்த பணிப்பெண்ணிடம், "கால்... என் வீட்டுக்காரி... கால்" என்று தன் சீட்டுப் பக்கம் கை காட்டினார்.

அந்தப் பெண் கெட்டிக்காரி. கூடவே வந்து, ஓரச்சீட்டுக்காரரை நடைபாதைக்கு எழுப்பிவிட்டு, மனைவியின் கால்களைச் சீட்டுகளின் மேல் நீட்டவைத்தாள். காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், பயணிகளில் டாக்டர் யாராவது இருக்கிறார்களா என்று அறிவிக்கச் சொன்னாள். பின்வரிசையிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு ஒரு பெண் வந்தார்.

"நான் டாக்டர்தான். ஆனா பல் டாக்டர்."

"பல்லா?" என்றார் டெய்லர். அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"பல்லும் உடம்புலதான சார் இருக்கு. கொஞ்சம் நகருங்க."

பல் டாக்டர் மண்டிபோட்டு உட்கார்ந்து இரண்டு கால்களையும் தொட்டுப் பார்த்தார். மூச்சு எப்படி, நெஞ்சு எப்படி என்று கேட்டார். கையில் நாடி பிடித்தார். பிறகு முட்டிக்குக் கீழே ஒரு விரலை நுழைக்கப் பார்த்தார். விரல் நுழையவில்லை.

"இந்தப் பட்டை என்ன? காலுறையோடவே வந்ததா?"

டெய்லர் அப்போதுதான் அதைப் பார்த்தார். அவர் போட்ட இரட்டைத் தையல் சதைக்குள் புதைந்து, மேலும் கீழும் சதை பிதுங்கியிருந்தது. 

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "ஆமா டாக்டர். கடையில வாங்குனதே அப்படித்தான்."

பல் டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "கம்பெனிக்காரன் போடறது இவ்வளவு இறுக்காதே. அப்ப உள்ள ரத்தம் கட்டி, அதனாலதான் இப்படி வீங்கியிருக்குன்னு வச்சுக்கணும்." பணிப்பெண் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "பக்கத்துல எங்கயாவது இறக்க முடியுமான்னு கேப்டன்கிட்ட கேக்கலாம்."

"நான்தான் தெச்சேன்" என்றார் டெய்லர்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். நின்றபடியே தூங்கிவழிந்த ஓரச்சீட்டுக்காரர்கூட விழித்துக்கொண்டு பார்த்தார்.

"அது எலாஸ்டிக். நான்தான் வச்சுத் தெச்சேன். அவ பொய் சொல்றா. என்னைக் காப்பாத்தறா. நான் டெய்லர்ங்க."

"மொதல்ல வெட்டுங்க" என்றார் பல் டாக்டர். "அப்புறம் பேசலாம்."

பணிப்பெண் முதலுதவிப் பெட்டியிலிருந்து மழுங்கல் முனைக் கத்தரிக்கோலைக் கொண்டுவந்தாள். பல் டாக்டர் வெட்டப் பார்த்தார். வழுக்கியது. இரட்டைத் தையல், லேசில் விடுமா? டெய்லர் கத்தரிக்கோலை வாங்கினார். எத்தனை கல்யாணக் கோட்டுகளைக் கடைசி நிமிடத்தில் பிரித்துத் தைத்த கை அது. அந்தக் கைக்கே இப்போது கத்தரியின் முனையைத் துணிக்கும் சதைக்கும் நடுவே நுழைக்க வரவில்லை. பல் டாக்டர் சதையை அழுத்திப் பிடித்து இடம் பண்ணிக்கொடுத்தார். டெய்லர் ஒவ்வொரு தையலாக அறுத்தார். எவ்வளவு நெருக்கமாகப் போட்டிருக்கிறான் படுபாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு அறுத்தார். கடைசி இழை விட்டதும் எலாஸ்டிக் தெறித்து விலகியது. காலைச் சுற்றி ஆழமாகப் பள்ளம். பள்ளத்தில் அவருடைய தையல் வரிசை அச்சுப் பிசகாமல் பதிந்திருந்தது. வலது காலின் பட்டையையும் அறுத்துவிட்டார்.

பிறகு காத்திருந்தார்கள்.  டெய்லர் நடைபாதையில் மண்டியிட்டபடி அந்தக் கறுத்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தேய்த்துவிடலாமா என்று கை நீட்டியபோது, உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் தேய்ப்பது ஆபத்து என்று பல் டாக்டர் தடுத்தார். சும்மா இருக்க வேண்டும். அதுதான் அவரால் முடியவில்லை. உதடு தானாக எதையோ முணுமுணுத்தது. வேண்டுதலா வசவா என்று அவருக்கே தெரியாது.

"ஸ்ஸ்... ஆ!" என்றாள் அவள்.

"என்ன? நெஞ்சா?"

"விரல். விரல்ல எல்லாம் ஊசி குத்துது. ஐயோ, வலிக்குதுங்க!"

டெய்லர் அழுதுவிட்டார். சிரிக்கத்தான் வாயைத் திறந்தார், அழுகை வந்தது.

விரல்களில் மெல்ல நிறம் ஏறியது. "நல்லது. ஆனா முழுசா நிம்மதின்னு சொல்ல மாட்டேன்" என்றார் பல் டாக்டர். "இறங்கின உடனே ஆஸ்பத்திரியில ஸ்கேன் பண்ணிப் பாக்கணும். அதுவரைக்கும் தண்ணி குடிங்க. கால் சரியானதும் மெதுவா நடங்க. நெஞ்சுல ஏதாச்சும் செஞ்சா மறைக்காம உடனே சொல்லணும்."

ஓரச்சீட்டுக்காரர் தன் இடத்தை அவளுக்கு விட்டுவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். "எழுப்பியிருக்கலாமேம்மா. தாண்டிப் போறதுக்கு நான் என்ன மதில் சுவரா?" என்று குறைபட்டுக்கொண்டு, ஜன்னலில் தலையைச் சாய்த்த கணமே குறட்டையைத் தொடர்ந்தார்.

 டெய்லருக்குக் கோபம் வந்தது. பயம் கொஞ்சம் விலகினால் அந்த இடத்துக்கு அவருக்குக் கோபம்தான் வரும்.

"எப்ப இருந்து இறுக்குச்சு?"

"ஏர்போர்ட்டுலயே."

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன? செத்துப்போயிருப்ப!"

"நீங்க தெச்சது சரியில்லன்னு நான் என்னிக்குச் சொல்லியிருக்கேன்?"

வாஸ்தவம்தான். ஊரில் அவரோடு சண்டை போடாத வாடிக்கையாளர் இல்லை. கை நீளம் என்பார்கள், தோள் தூக்குது என்பார்கள். அவள் மட்டும் ஒருநாளும் ஒரு குறை சொன்னதில்லை. அவள் ரவிக்கை அளவு மட்டும் தனக்குப் பிசகவே பிசகாது என்று கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை அடித்திருக்கிறார். இப்போது அந்தப் பெருமையைத் தொட்டுப் பார்க்கவே பயமாக இருந்தது.

"இப்பப் போட்டிருக்கியே, இந்தச் சட்டை..." என்றார்.

அவள் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள்.

"மறைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்கள்ல."

"அக்குள்ல பிடிக்கும்" என்றாள். "கையத் தூக்கி இஸ்திரிப் பெட்டிய வைக்கும்போது அறுக்கும்."

"இந்தச் சட்டை மட்டுமா?"

"எல்லாமேதான்."

டெய்லர் அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி ஓடுகிறதா என்று பார்த்தார். ஓடியது. இறங்கும்வரை அந்தக் கையை அவர் விடவில்லை. ஆனால் அழுத்திப் பிடிக்கவும் பயந்தார். கொஞ்சத்துக்கு ஒருதரம் விரலைத் தளர்த்தி, "இறுக்குதா? இறுக்குதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.