மீனுக்கு மூன்று வால்

எங்கள் தறிப்பாட்டைக் கேமராவில் பதிவு செய்ய வருகிறேன் என்று படமெடுக்கும் நந்தகுமார் சொன்னபோதே வேண்டாம் என்றிருக்க வேண்டும். மறுநாள் மதியக் கப்பலில் எங்கள் மாதிரிக் கம்பளம் ஏறியாக வேண்டும். ஆர்டர் தருபவர்களிடம் அது தேறினால்தான் எங்கள் தீவின் மின்னி பே கடற்கரையில் இந்தத் தறிக்கூடம் இருக்கும். இல்லாவிட்டால் மூடிவிட்டு வீடுவீடாகப் பாத்திரம் தேய்க்கப் போகவேண்டியதுதான். அவர் வந்ததுமே இதைச் சொன்னேன். ஐந்தே நிமிஷம் மேடம் என்றார். மெயின்லேண்டுக்காரர்களின் ஐந்து நிமிஷம் எனக்குத் தெரியாதா?

எங்களுக்கு வேலையே பாட்டில்தான் நடக்கும். எந்த முடிச்சுக்கு எந்த நிறம் என்று நான் பாடுவேன். சுதா தென்னைநார் நூலை எடுத்துக் கொடுப்பாள், மருதாயியும் ருக்குவும் முடிச்சுப் போடுவார்கள். வரைபடம் எதுவும் கிடையாது. பாட்டு சொல்வதைக் கை செய்யும்.

கம்பளத்தில் வரும் மீனின் வாலுக்கான அடிகளைப் பாடி முடித்தேன். வெளியே ஆட்டோ சத்தம், ஒன்ஸ் மோர் என்றார் நந்தகுமார். பாடினேன். வெளிச்சம் போதவில்லையாம், மறுபடி ஒன்ஸ் மோர். எரிச்சலில் பாடித் தொலைத்தேனே தவிர, கையை நிறுத்துங்கடி என்று சொல்லத் தோன்றவில்லை. குனிந்து பார்த்தால் மீனுக்கு மூன்று வால்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரோ கேமராவை விட்டுத் தலையைத் தூக்காமல், "பாட்டுல வர்ற ஒச்சம்மா யாரு மேடம்? கொஞ்சம் முன்னாடி வரச் சொல்லுங்க" என்றார்.

"சுனாமியில போயிட்டா சார். கச்சால் தீவுல எங்களுக்கு நூல் எடுத்துக் குடுத்தவ. அந்த எடத்துல யாரு உக்காந்தாலும் பாட்டுல ஒச்சம்மாதான்."

கேமராவை மூடிவிட்டு ஸாரி என்றார். ஸாரி வந்து வாலை அவிழ்க்குமா?

நாங்கள் அவிழ்த்து முடிக்க மணி நாலு. மூன்று பேர் முடிச்சுப் போட்டால்தான் இனி ஆகும். சுதாவை முடிச்சுக்கு மாற்றினேன். கெடுத்தது நீங்கள், உட்காருங்கள் என்று நந்தகுமாருக்கு நூல் கூடைகளைக் காட்டினேன். கேமராவை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். சிவப்பு கேட்டால் நீலம் எடுத்தார். நார் குத்தியதென்று விரலை உதறினார். தலையில் அடித்துக்கொண்டேன்.

வால் அடி வந்தது. ஒச்சம்மா பெயரை விட்டுவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். விட்டால் அடுத்த அடி எனக்கு வராது.

"பச்சை எடு ஒச்சம்மா, பக்கத்துல ரெண்டு கொடு."

மருதாயி கையை நீட்டியபடி காத்திருந்தாள்.

"ம்" என்றார் நந்தகுமார்.

கொடுத்தது பச்சைதான். அதன்பிறகு பொழுது சாயும்வரை நான் பாட்டை நிறுத்தவில்லை. மறுநாள் மீன் ஒற்றை வாலோடு கப்பல் ஏறியது.