எலி வளையில் ஒரு பிடி

ராஜராஜன் பனியை நேரில் பார்த்ததே இல்லை. ஃப்ரிட்ஜில் மேல்தட்டில் படிகிறதே, அதைத் தவிர என்று அவர் மனைவி அகிலாண்டம் திருத்துவாள். ஆனால் வலங்கைமான் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பன்னிரண்டு வருடமாக வரலாறு நடத்திக்கொண்டிருந்த அந்த மனிதருக்கு, ஆயிரம் வருடம் முன்னால் துருவக் கரையில் வேட்டையாடியும் கிழங்கு கிளறியும் பிழைத்தவர்களைப் பற்றித் தெரியாத சங்கதி கிடையாது. சித்திரை மாதம், கரண்ட் போன வகுப்பு, சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கும். அவரோ பனிக்குள் இருப்பார்.

"வீட்டப் பாதி மண்ணுக்குள்ள இறக்கிக் கட்டுவாங்க. உள்ள வர்ற வழி மட்டும் தரையவிடப் பள்ளமா இருக்கும். ஏன் சொல்லுங்க பாப்போம்?" என்பார். பிறகு அவரே சொல்வார். "குளிர்காத்து கனம். பள்ளத்துலயே தங்கிடும். மேல ஏறி வந்தா கதகதப்பு!"

திமிங்கல எலும்புதான் உத்தரம். சீல் என்கிற கடல்நாயின் கொழுப்பு ஊற்றி எரிக்கிற கல்விளக்கு ஒன்றுதான் அடுப்பும் வெளிச்சமும். சீலின் குடலைக் கழுவிக் காயவைத்து, எலும்பு ஊசியால் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காமல் மழைச்சட்டை தைப்பார்கள். பிள்ளைகள் நோட்டால் விசிறிக்கொண்டே கேட்பார்கள். முதுகுக்குப் பின்னால் அவரைப் பனிக்கரடி என்பார்கள். அது அவருக்கும் தெரியும். உள்ளுக்குள் அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இப்பேர்ப்பட்டவருக்கு நாற்பத்தாறு வயதில் ஒரு கதவு திறந்தது. அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அலாஸ்காவின் கடலோரத்தில் பழைய குடியிருப்பு ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தது. சின்ன ஊர்க் கல்லூரி ஆசிரியர்களை இரண்டு மாதம் அழைத்து வைத்துக்கொள்ள ஒரு திட்டம் போட்டார்கள். கல்லூரிக்கு ஒரே ஒரு இடம். நான்கு வருடம் விண்ணப்பம் போட்டுத் தோற்ற ராஜராஜனுக்கு, ஐந்தாம் வருடம் யோகம் அடித்தது, தேர்வான கல்லூரிகளின் பட்டியலில் அவர் கல்லூரியும் வந்துவிட்டது. இடம் தனக்குத்தான் என்று அவர் வீட்டில் சொல்லியும்விட்டார். போட்டிக்கு யார் இருக்கிறார்கள்?

இருந்தாள். செவ்வந்தி. இரண்டு வருடம் முன்னால் அதே துறையில் சேர்ந்தவள், இருபத்தெட்டு வயது. அவர் ஊர்க்காரிதான். அவள் அம்மா ராஜராஜன் வீட்டு வயலில் நடவு நட்டவள், கதிர் அறுத்தவள். முதல்வர் ஹலீமா மேடம்தான் "ரெண்டு பேரா போட்டா காலேஜுக்கு மரியாதைம்மா, நீயும் போடு" என்று அவளைத் தள்ளிவிட்டார். ராஜராஜன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாவம், சின்னப் பெண், பழகட்டும் என்று நினைத்தார்.

விண்ணப்பம் போட்டவர்களுக்கு இரண்டு படம் அனுப்பியிருந்தார்கள். முதல் படத்தில் புதைந்துபோன வீட்டின் மூலையில் விரல் நீளக் கிழங்குகள் ஒரு குவியல். உறைந்த மண்ணில் ஆயிரம் வருடமாக அப்படியே கிடந்திருக்கின்றன. பக்கத்தில் மான்கொம்பு முனை வைத்த தோண்டுகோல். இரண்டாவது படத்தில் வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஒரு சின்னப் பொந்து. உள்ளே இரண்டு கருவாடு. பொந்தின் வாயில் ஒரு தட்டைக்கல், அதன்மேல் புல்லோடு வெட்டிய மண்கட்டியை வைத்து அமுக்கி மூடியிருந்தது. இங்கே என்ன நடந்திருக்கும் என்று இரண்டு பக்கம் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

ராஜராஜன் வெளுத்து வாங்கினார். உறைமண்ணில் குழி வெட்டி இறைச்சியைப் பதப்படுத்துகிற முறை, அதன் வகைகள், பதினொரு அடிக்குறிப்பு. இரண்டாவது படம் மனிதர்கள் கருவாடு சேமித்த குழி என்று முடித்தார்.

மறுநாள் மதியம் செவ்வந்தி இரண்டு தாளோடு வந்து நின்றாள்.

"சார், நீங்க ஒரு தடவ பாத்துக் குடுத்தீங்கன்னா அனுப்பிடுவேன். தப்பு இருந்தா சொல்லுங்க."

"வாம்மா, குடு" என்று சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டு வாங்கினார். அரைப் பக்கம் தாண்டியதும் பேனாவை மூடிவிட்டார்.

அந்தக் கிழங்கை மனிதர்கள் தோண்டவே இல்லை என்று எழுதியிருந்தாள். எல்லாம் ஒரே அளவு, இரண்டு முனையிலும் பல் பட்ட தடம். குளிர்காலத்துக்கென்று எலி சேர்த்ததை மனிதர்கள் எடுத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே அவள் எழுதியிருந்தது: சம்பா அறுவடை முடிந்ததும் என் அம்மா இப்படித்தான் நெல் எடுப்பாள். வளையின் வாயில் கை வைக்க மாட்டாள். வரப்பைத் தட்டிக்கொண்டே போவாள். எங்கே டொப்பென்று சத்தம் வருகிறதோ அங்கேதான் எலியின் களஞ்சியம். கதிர்களை ஒரே அளவாக நறுக்கி அடுக்கி வைத்திருக்கும். எடுத்து முடித்த பிறகு ஒரு பிடிக் கதிரைத் திரும்ப உள்ளே வைத்து, மண்கட்டியால் மூடி, சேற்றைப் பூசித் தட்டிவிட்டுத்தான் கிளம்புவாள். இரண்டாவது படத்தில் இருக்கிற கருவாடு அந்த ஒரு பிடிதான்.

ராஜராஜன் இன்னொரு தரம் முதலிலிருந்து படித்தார். சரிதான், அவள் எழுதியது அத்தனையும் சரி. துருவக் கரைப் பெண்கள் எலி சேர்த்த கிழங்கை எடுப்பார்கள், பதிலுக்கு ஏதாவது வைப்பார்கள் என்று அவரே எட்டு வருடம் முன்னால் படித்திருக்கிறார். பென்சிலால் கோடுகூடப் போட்டிருக்கிறார். படத்தைப் பார்த்தபோது அது மண்டையில் உறைக்கவில்லை. துருவத்தைப் பற்றிய புத்தகம் ஒன்றைக்கூட முழுசாகத் திறக்காத பெண்ணுக்கு உறைத்துவிட்டது. எப்படி? அவள் அம்மா வரப்பில் குந்தி எலி வளை வெட்டினாள், அதனால்! ஒரு கணம், சொல்லவே வெட்கம், தன் அம்மாவும் வளை வெட்டியிருக்கக் கூடாதா என்றுகூட அவருக்குத் தோன்றியது. அப்படிப்பட்ட பொறாமை அது. ஆளைக் கிறுக்காக்கிவிடும்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா..." என்று இழுத்தார்.

"சொல்லுங்க சார்."

"அவங்க ஆராய்ச்சி கேக்கறாங்க. நீ வீட்டுக் கதை எழுதியிருக்க. அதுவும் அம்மா எலி வளைய வெட்டித் தின்ன கதை. இதப் போய் நாலு தேசத்துக்காரங்க முன்னாடி சொல்லணுமா? நாளைக்கு நம்ம பசங்க காதுக்கு வந்தா உனக்கே ஒரு மாதிரி இருக்காது?"

செவ்வந்தியின் முகம் சுருங்கிப் போனது.

"நான் அப்படி யோசிக்கல சார். வேற எழுதிக்கறேன்."

தாளை வாங்காமலே போய்விட்டாள். அவரும் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை.

அன்று சாயங்காலமே ராஜராஜன் பதினொரு அடிக்குறிப்பையும் தூக்கிக் கடாசிவிட்டுப் புதிதாக எழுதினார். 'என் அம்மா' என்று இருந்த இடமெல்லாம் 'எங்கள் வயலில்' ஆனது. பொய் இல்லையே, வயல் அவர்களுடையதுதானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். ஒரே ஒரு இடம்தான் இடித்தது. அந்த ஒரு பிடியை ஏன் வைக்கிறார்கள் என்று அவள் எழுதவில்லை. இவர் யோசித்தார். எலி பிள்ளையாரின் வாகனம் ஆயிற்றே! படையல் என்று ஒரு பத்தி சேர்த்தார். அதுதான் கட்டுரையிலேயே ஜோரான பத்தி என்று அவருக்குப் பட்டது.

இரண்டு வாரம் கழித்து, முதல்வர் அறையில் ஒரே லேப்டாப் முன்னால் இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்து நேர்காணல் நடந்தது. பேச்செல்லாம் இங்கிலீஷ். அந்தப் பக்கம் நரைத்த தலைப் பேராசிரியர் ஒருவர். பக்கத்தில் அந்தக் கடற்கரையையே சொந்த ஊராகக் கொண்ட ஒரு பெண்மணி, அகழாய்வில் அவரும் ஒரு தலைவர்.

"உங்கள் கட்டுரை எங்களைத் தூக்கிவாரிப் போட்டது, ராஜராஜன்" என்று பேராசிரியர் ஆரம்பித்தார். வரப்பைத் தட்டுவது, டொப்பென்ற சத்தம், நறுக்கி அடுக்கிய கதிர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் புகழ்ந்தார். செவ்வந்தி திரும்பி ராஜராஜனைப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை. காது மட்டும் சுட்டது.

அந்தப் பெண்மணி குறுக்கே கேட்டார். "படையல் என்று எழுதியிருக்கிறீர்கள். படைக்கிறவர்கள் நாலு பேர் பார்க்கத்தானே வைப்பார்கள்? கல்லை வைத்து, அதன்மேல் புல்மண்ணை அமுக்கி, அங்கே பொந்தே இல்லாத மாதிரி ஏன் மூட வேண்டும்?"

ராஜராஜன் தொண்டையைச் செருமினார். "அது ஒரு மரியாதை" என்றார். பிறகு, "நம்பிக்கை" என்றார். பிறகு தண்ணீர் குடித்தார்.

"நீங்களும் அதே ஊர்தானே? உங்களுக்குத் தெரியுமா?" என்று பெண்மணி செவ்வந்தியிடம் திரும்பினார்.

சொல்ல மாட்டாள் என்றுதான் ராஜராஜன் நினைத்தார். அவர் அதை வேண்டிக்கொண்டார் என்பதே உண்மை.

"படையல் இல்லைங்க" என்றாள். இங்கிலீஷ்தான், ஆனால் ராஜராஜன் காதில் அது ஊர்ப்பேச்சாகவே விழுந்தது. "மொத்தத்தையும் எடுத்துட்டா எலி அந்த வரப்ப விட்டே போயிடும். ஒரு பிடி வச்சா தங்கும். அடுத்த வருஷமும் அதே எடத்துல சேத்து வைக்கும், நாங்களும் தேடி அலைய வேணாம். மூடுறது மத்தவங்க கண்ணுல படக் கூடாதுன்னு."

"யார் கண்ணில்?"

"வயல் பாக்க வர்றவங்க கண்ணுல."

பெண்மணி வாய்விட்டுச் சிரித்தார். "எங்கள் பக்கம் நரி. நரி கண்ணில் பட்டால் எலியும் போச்சு, கிழங்கும் போச்சு" என்றார். பேராசிரியர் சிரித்தார், ஹலீமா மேடம் சிரித்தார். தப்பித்தோம் என்று ராஜராஜனும் சேர்ந்து சிரித்தார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. இடம் செவ்வந்திக்கு.

ராஜராஜன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. என்ன ஆச்சு என்று கேட்ட அகிலாண்டத்தின் மேல் எரிந்து விழுந்தார். செவ்வந்தியின் பாதம் அந்தப் பனியில் படும், அவள் கை அந்தக் கல்விளக்கைத் தொடும் என்று நினைத்து நினைத்துப் படுக்கையில் புரண்டார். தான் திருடியது அவருக்கு மறந்தே போயிற்று. அவள் தன்னைக் கவிழ்த்துவிட்டாள் என்பதுதான் மனசில் நின்றது. வேண்டுமென்றே காரணத்தை எழுதாமல் தாளை நீட்டியிருக்கிறாள். அதில் நான் விழ வேண்டும் என்றே!

மறுநாள் காலை துறை அறையில் அவள் தனியாக இருந்தாள். வாழ்த்துச் சொல்லத்தான் போனார். வாயில் வந்தது வேறு.

"எல்லாத்தையும் எழுதுன, ஒரு பிடி எதுக்குன்னு மட்டும் ஏன் எழுதல? நேர்ல சொல்லி என்ன மடக்கணும்னு பத்திரமா வச்சிருந்தியா?"

செவ்வந்தி விடைத்தாள் கட்டைக் கீழே வைத்தாள். அவள் கோபப்படுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். கோபப்பட்டிருந்தால் அவருக்கும் வசதியாக இருந்திருக்கும்.

"உங்க அப்பாவுக்காகத்தான் சார் எழுதல" என்றாள். "உங்க வரப்புல எங்கள வளை வெட்ட விட்டதே எலி ஒழியணும்னுதான். ஒரு பிடி வச்சத ஒரு தடவ கண்டுபுடிச்சுட்டாரு. பக்கத்து வயல்ல அறுப்பு நடக்கறப்ப, அத்தன பேரு முன்னாடி, அந்த வளைய எங்கம்மாவ விட்டே கையால தோண்டி எடுக்க வச்சாரு. அதுக்கப்புறந்தான் அம்மா சேறு பூச ஆரம்பிச்சது."

செவ்வந்தி விடைத்தாள் கட்டை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள்.

"நீங்கதானே சார் படிச்சுப் பாக்கப் போறீங்க. அப்பாவப் பத்தி அப்படி எழுதுனா உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்குமேன்னு அந்த நாலு வரிய அடிச்சுட்டேன்."

வெட்கத்தில் அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. அதையும் முந்திக்கொண்டு எழுந்தது பொறாமைதான். எழுதின நாலு வரியை, அடுத்தவர் மனசு நோகுமே என்று அடிக்க, இந்த நாற்பத்தாறு வயதுவரைக்கும் அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.