பட்டனுக்கு ஏது பல்

1

இந்தக் கதை ஒரு போன் அழைப்பில் பிறந்தது என்று எழுதினால் உங்களுக்கும் சௌகரியம், எனக்கும் மரியாதை. உண்மையில் இது ஒரு வேலைவிதியில் பிறந்தது.

நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஒரு செயலிக்குப் பாடம் எழுதுகிறவன். வணிகச் செய்தி ஒன்றை எடுப்பேன். எளிய ஆங்கிலத்தில் சுருக்குவேன். ஐந்து சொற்களுக்குத் தமிழில் பொருள் போட்டு, கீழே பத்துக் கேள்வி வைப்பேன். செய்தியிலிருக்கும் நிறுவனத்தின் பெயர், ஊரின் பெயர், ஆட்களின் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்பது விதி. படிக்கிறவர் சொல்லை மட்டும் பார்த்தால் போதுமாம். ஆறு வருடமாக இதைத்தான் செய்கிறேன். இந்தக் கதையிலும் யாருக்கும் பெயர் வராது. அதைக் கலை என்று நினைத்துவிடாதீர்கள், கை பழகிப்போச்சு.

2

முதல் தொடக்கம்: “சித்தி ஜிப்பை இழுக்கும் ஓசையில் ஒரு முழு வாழ்க்கையே திறந்து”

அடித்துவிட்டேன். சித்தி படித்தால் சிரிப்பாள்.

இரண்டாம் தொடக்கம், விவரம் மட்டும். சித்தி என் அம்மாவின் கடைசித் தங்கை. என்னைவிட ஆறு வயதுதான் மூத்தவள், ஒரே மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவர்கள் நாங்கள். பதினேழு வருடமாக ஒரு ஜிப் தொழிற்சாலையின் இரண்டாம் கூடத்தில் செக்கர். ஜிப்பை மூன்று முறை இழுத்து, பல்லோடு பல் சரியாகக் கடிக்கிறதா என்று பார்த்து, கடிக்காததைச் சிவப்புக் கூடையில் போட வேண்டும். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் வந்தால் அவர்களோடு ஆங்கிலத்தில் பேசி எல்லாவற்றையும் காட்ட அங்கே ஓர் ஆள் உண்டு. அந்த ஆள் ஓய்வுபெறப் போகிறார். அவருடைய நாற்காலி மேல் சித்திக்கு ஒரு கண்.

அதற்காகவே தினமும் டீ நேரத்தில் என் பாடத்தைப் படித்தாள். படித்ததை வீட்டில் செலவழித்தாள். சோப்பு தீர்ந்தால் இன்வென்டரி காலி என்பாள். சித்தப்பா இரண்டாவது டீ கேட்டால், டிமாண்ட் ஏறிப்போச்சு, சப்ளை இல்லை என்பாள். என்னை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவாள். கேலிதான். ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது.

3

ஒரு திங்கட்கிழமை காலை, 212ஆம் பாடத்துக்கான செய்தி என் கணினிக்கு வந்தது. ஒரு ஜிப் நிறுவனம். இறக்குமதி வரி ஏறியதால் வெளிநாட்டில் வாங்குகிறவர் ஆர்டரை ரத்து செய்துவிட்டார். இரண்டாம் கூடம் மூடப்படலாம், இருநூறு பேருக்கு வேலை போகலாம். நான் வழக்கம்போல் பெயர்களை எடுத்தேன். வேலை மும்முரத்தில், அது சித்தியின் கம்பெனி என்பதை நான் கவனிக்கவே

(இந்த வாக்கியத்தை முடிக்க மூன்று நாள் முயன்றேன். கை வரவில்லை.)

கவனித்தேன். முதல் வரியிலேயே கவனித்தேன். பெயர்களை எடுத்த பிறகும் ‘ஜிப்’ உறுத்திக்கொண்டே இருந்தது. பதினோரு இடங்களில் அதைப் ‘பட்டன்’ ஆக்கினேன். பொருளை மாற்றச் சொல்லி எந்த விதியும் இல்லை.

4

வியாழக்கிழமை சித்தி போன் செய்தாள். பக்கத்துத் தெரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் அவளை சூப்பர்வைசராகக் கூப்பிடுகிறார்களாம். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். சித்தப்பாவுக்குச் சம்மதம். ஆனால் அங்கே ஆங்கிலத்துக்கு வேலையே இல்லை.

“போகட்டுமா, வேணாமா? நீ சொல்றதுதான்டா.”

இந்த இடத்தில் கதைசொல்லியை நல்லவனாக்க எனக்கு ஆசையாக இருந்தது. செய்தியில் ‘மூடப்படலாம்’ என்றுதானே இருந்தது, வீணாக அவளை ஏன் பயமுறுத்த வேண்டும் என்று அவன் தயங்கியதாக ஒரு பத்தி எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. கிழித்துவிட்டேன்.

நடந்தது வேறு. எங்கள் செயலியில் ‘வென்றவர்கள்’ என்று ஒரு பக்கம் வரவிருந்தது. முதல் ஆளாக நான் சித்தியைக் கொடுத்திருந்தேன். படம் எடுத்தாகிவிட்டது. ‘ஆங்கிலம் என் வாழ்க்கையை மாற்றியது’ என்று அவள் சொன்னதாக நானே எழுதியும் கொடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் எடுபட்டால் என்னைப் பாடப் பிரிவுக்குத் தலைவனாக்குவதாகப் பேச்சு இருந்தது. அட்டைப்பெட்டி ஒட்டப் போகிறவளை அந்தப் பக்கத்தில் வைக்க முடியாது.

“இவ்ளோ படிச்சிட்டு அட்டைப்பெட்டிக்கா போற? ரெண்டு மாசம் பொறு சித்தி.”

பொறுத்தாள். சனிக்கிழமை அந்த வேலைக்கு வேறு ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: சித்தியை நான் ஏற்கெனவே ஒரு முறை கதையாக்கிப் பிழைத்திருக்கிறேன். நீங்கள் படிப்பது இரண்டாவது.)

5

பாடங்களை நாங்கள் பதினோரு நாள் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவோம். 212 அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வெளியானது. சித்தி டீ நேரத்தில் விடை எழுதி, பத்துக்குப் பத்து வாங்கி, அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினாள். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் பொம்மையை அனுப்பினேன். இதைவிடக் கேவலமாக என் வாழ்நாளில் நான் எதையும் அனுப்பியதில்லை.

திங்கட்கிழமை இரண்டாம் கூடத்தின் கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள், ஆங்கிலத்தில் மட்டும். கூடத்திலேயே ஆங்கிலம் தெரிந்தவள் என்று எல்லோரும் சித்தியை முன்னால் தள்ளினார்கள். அவள் எங்கும் திக்காமல் சத்தமாக வாசித்தாள். டாரிஃப், டிமாண்ட், ஆர்டர், ஷட் டவுன். ஒவ்வொன்றும் நான் கொடுத்த சொல். ஒவ்வொரு வரிக்கும் நின்று தமிழில் விளக்கினாள். அப்படித்தான் இருநூறு பேருக்கு வேலை போனது தெரிந்தது. அவளுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

அன்று மாலை போன் வந்தது. அழுவாள் என்று நினைத்து ஆறுதல் வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

“பட்டனுக்கு ஏது பல்லு, வாத்தியாரே?”

எனக்குப் புரியவில்லை. பாடத்தின் ஏழாவது வரியை வாசித்துக் காட்டினாள். பல் செய்யும் பித்தளைக் கம்பி வாங்குவதை நிறுவனம் நிறுத்திவிட்டது என்று அதில் இருந்தது. ஜிப்பைப் பதினோரு இடங்களில் மாற்றியவன் பல்லை விட்டுவிட்டேன். என் மேலாளர் பார்க்கவில்லை, விடை எழுதிய ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

“வெள்ளிக்கிழமையே கண்ணுல பட்டுச்சு. நீ அவசரத்துல எழுதியிருப்பேன்னு விட்டுட்டேன்” என்றாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். “பதினோரு நாள் முன்னாடியே எழுதிடுவேன்னு நீதான் சொல்லியிருக்க. அப்ப, நான் போன் பண்ணிக் கேட்டன்னைக்கு உனக்குத் தெரியும்.”

6

முடிவு ஒன்று: சித்தி மன்னித்துவிடுகிறாள், வேறு கம்பெனியில் அதே நாற்காலி கிடைக்கிறது. வேண்டாம். அந்த மாதிரி முடிவு ‘வென்றவர்கள்’ பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அவள் சிரித்த படத்தோடு இன்றும் இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லி நான் இதுவரை கேட்கவில்லை.

முடிவு இரண்டு: சித்தி என்னைக் கிழித்துத் தொங்கப்போடுகிறாள். அப்படி நடந்திருந்தால் நிம்மதியாக

நடக்கவில்லை. அவள் போனை வைக்காமல் காத்திருந்தாள். அந்தப் பக்கம் சித்தப்பா யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டது காதில் விழுந்தது. கடைசியில் அவளே வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை.

எழுதியதை அவளுக்கு அனுப்பப் போகிறேன். எந்த வரி கடிக்கவில்லை என்று பார்க்க அவளைவிட ஆள் இல்லை. சிவப்புக் கூடையில் போட்டாலும் சரிதான். அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் மட்டும் இன்னும் பாக்கி. தொழில் வழக்கப்படி கோடு போட்டு விட்டிருக்கிறேன்.

“ஆமா சித்தி, எனக்கு ____________.”

நீங்கள் நிரப்புங்கள். விடை தெரிந்தும் நிரப்பாமல் விட்டால் எங்கள் செயலியில் பூஜ்யம்தான். சித்திக்குப் பத்துக்குப் பத்து.