உங்களுக்கில்லாததா

1

கியூமர்ஸ் என்னிடம் கடைசியாகக் கேட்டது "வஸ்லி?" என்றுதான். முன்பற்களுக்கிடையில் சர்க்கரைக் கட்டியைப் பிடித்து, அதன் வழியே தேநீரை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். "வஸ்லம்" என்றேன். இணைப்பில் இருக்கிறாயா, இருக்கிறேன். பாரசீகம் பேசும் மேபோத் ஊரில், இணையம் அடிக்கடி அறுந்த அந்த வருடம், வணக்கத்துக்குப் பதிலாக எல்லோரும் சொல்லிக்கொண்டது அதைத்தான்.*

"அப்போ சரி. வியாழக்கிழமை நாலு மணிக்கும் இதே பதிலச் சொல்லணும், இன்ஜினியரே" என்றார். தம்ளரைத் தட்டில் வைத்துவிட்டுச் சூளைப் பக்கம் நடந்தார்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு அவர் மகள் யெக்தாவுக்கு நேர்காணல். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், கணினித் திரை வழியாக. ஏற்கெனவே ஒருமுறை இணையம் அறுந்து தள்ளிப்போயிருந்தது. இன்னொரு முறை தள்ளமாட்டோம் என்று எழுதிவிட்டார்கள்.

அது செவ்வாய்க்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு முன் சூளையின் வாசலில் உட்கார்ந்த கியூமர்ஸ் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள்.

இந்தக் கதை அந்தத் தேநீரிலிருந்து வந்தது. வேறெங்கிருந்தோ வந்தது போலத் தொடங்கிப் பார்த்தேன். முடியவில்லை.

* பழைய பாரசீகக் கவிதைகளில் "வஸ்ல்" என்றால் காதலர் ஒன்றுசேர்வது. நம் ஊர் "வசூல்" அதே வேரிலிருந்து கிளைத்த சொல். கவிதை எங்கே போய் முடிந்திருக்கிறது பாருங்கள்.

2

கைவிட்ட தொடக்கங்களை அப்படியே விட்டுவைக்கிறேன்.

[தணிக்கை என்பது ஒரு சுவர் என்றால் அதில் ஒரு செங்கல்லை உருவிய]

வேண்டாம். அங்கே யாரும் அதைச் சுவர் என்று சொன்னதில்லை. அரசு இணையத்தை அடைத்துவைப்பதை ஃபில்டர் என்பார்கள், அதைத் தாண்டிப்போகும் செயலிக்கு ஃபில்டர் உடைப்பான் என்று பெயர். நான் மனதுக்குள் வடிகட்டி உடைப்பான் என்று சொல்லிக்கொள்வேன். எந்நேரமும் தேநீர் குடிக்கிற ஊரில் எல்லோரும் வடிகட்டியை உடைக்கத் திரிந்தார்கள் என்றால் நிலைமை உங்களுக்கே புரியும்.

[நான் அவர்களுக்கு விடுதலையைக் கொண்டு]

இது அதைவிட மோசம். நான் ஒரு டைல்ஸ் தொழிற்சாலையில் சுவர் ஓடுகளுக்குப் பூ அச்சடிக்கும் இயந்திரத்தைப் பழுது பார்க்கப் போனவன். இரண்டு வருட ஒப்பந்தத்தில் போய் ஒன்பது வருடம் இருந்துவிட்டேன். அங்கே பழுது என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். இணையமும் பழுதுதானே, அதனால் அதற்கும் கூப்பிட்டார்கள். அவ்வளவுதான்.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர் மேபோதாக இல்லாமலும் இருக்கலாம். யெக்தா எந்தப் பாடத்துக்கு விண்ணப்பித்தாள் என்று ஒரு வாக்கியம் எழுதி எடுத்துவிட்டேன். தணிக்கையைப் பற்றி எழுதுகிறவன் தன்னையே தணிக்கை செய்துகொள்கிறான் என்று சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு வேறு வழியில்லை.)

3

கடையில் வாங்கும் உடைப்பான்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. பலர் பயன்படுத்துவதைத்தான் கண்டுபிடித்து அடைப்பார்கள். யாருக்கும் தெரியாத ஒன்று இருந்தால் தப்பும். விடுமுறைக்கு வந்தபோது கும்பகோணத்தில் தங்கை சுகந்தி வீட்டில், செருப்பு அலமாரிமேல், சோப்புப் பெட்டி அளவில் ஒரு கணினியை வைத்தேன். மேபோதிலிருந்து அதற்குள் நுழைந்தால் கும்பகோணம் வழியாக உலகத்துக்குள் போகலாம்.

"அண்ணா, இது ராத்திரி பகலா கண்ண சிமிட்டிட்டே இருக்கு" என்றாள்.

"நல்லது. சிமிட்டலேன்னா சொல்லு."

இதில் ஒரு பக்க விளைவு உண்டு. இணையத்தின் கண்ணுக்குச் சூளைத் தொழிலாளர்கள் எல்லோரும் கும்பகோணத்துக்காரர்கள் ஆகிவிட்டார்கள். பாட்டுக் கேட்கத் திறந்தால் பட்டுப்புடவை விளம்பரம் வரும். கியூமர்ஸ் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்.

"இன்ஜினியரே, உடம்பு முழுக்கத் தங்கத்தோட ஒரு பொம்பள தினமும் என்னப் பாத்துச் சிரிக்குது. உங்க தங்கச்சியா?"

"நகைக்கடைண்ணே."

"என்ன சொல்லுது?"

"சேதாரம் கெடயாதாம்."

"தூபா காதுல விழாமப் பாத்துக்கங்க" என்பார். தூபா அவர் மனைவி. சில மாதங்களில் சூளைப் பிரிவில் எல்லோருக்கும் "ஆடித் தள்ளுபடி" என்று சொல்ல வந்துவிட்டது. ஒருவரையொருவர் திட்டுவதற்குப் பயன்படுத்தினார்கள்.

கும்பகோணத்தில் மின்வாரியப் பராமரிப்பு நாளில் மேபோதில் இணையம் போகும். "உங்க தங்கச்சி வீட்ல கரண்ட் போச்சா?" என்று சூளையிலிருந்து குரல் வரும். சுகந்தியை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. ஆனால் பெருநாளுக்கு அவளுக்குப் பிஸ்தா கொடுத்தனுப்புவார்கள்.

பாஸ்வேர்டைக் கியூமர்ஸ்தான் வைத்தார். "காபெல் நதாரே."

4

இந்தச் சொல்லில்தான் கதை நிற்கிறது. அங்கே கடையில் காசு நீட்டினால் கடைக்காரர் முதலில் "காபெல் நதாரே" என்பார். உங்கள் தகுதிக்கு முன் இது ஒன்றுமில்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொருள். எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது. மரியாதைக்குச் சொல்வது அது. மறுபடி நீட்ட வேண்டும், மறுபடி மறுப்பார், மூன்றாவது முறை வாங்கிக்கொள்வார். நம் மொழியில் இதற்கு நெருக்கமாக இருப்பது "உங்களுக்கில்லாததா!" இனி அப்படியே எழுதுகிறேன்.

இப்போது கஃபூரியைக் கொண்டுவர வேண்டும். எனக்கு உதறல் எடுக்கும் பாத்திரம்.

அங்குள்ள தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அலுவலகம் என்று ஓர் அறை இருக்கும். சரக்கைவிட ஆட்களைப் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. எங்கள் அறைக்குத் தலைவர் கஃபூரி. முதல் வரைவில் அவரை வில்லனாக எழுதினேன்: சின்னக் கண், கையில் எப்போதும் ஜெபமணி. படித்துப் பார்த்தபோது அந்தக் கண் நான் ஒட்டவைத்தது போலத் தெரிந்தது. மணி மட்டும் உண்மை.

ஒருநாள் உணவுக்கூடத்தில் கியூமர்ஸ் திறந்திருக்கக் கூடாத ஏதோ ஒன்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கஃபூரி பின்னால் வந்து நின்றதை நான் எதிரிலிருந்து பார்த்தேன். சொல்ல நேரமில்லை.

"வேகமா ஓடுதே கியூமர்ஸ்" என்றார் கஃபூரி. "எங்க எல்லாருக்கும் செத்துக் கெடக்கு."

"உங்க புண்ணியம் சார்."

"பாஸ்வேர்டு என்ன?"

கியூமர்ஸ் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "உங்களுக்கில்லாததா!"

"சரி, சொல்லுங்க."

"அதான் சார். உங்களுக்கில்லாததா!"

சுற்றியிருந்தவர்கள் சோற்றுத் தட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்கள். கஃபூரி புன்னகைத்தார். இரண்டாவது மறுப்பு என்று எண்ணிவிட்டார் என்றே நினைத்தோம். மூன்றாவது முறை கேட்டிருந்தால் அது ஆணையாகிவிடும். பிறகு அவர் அதை எழுத்தில் புகாராக மேலே அனுப்ப வேண்டியிருக்கும். அவர் கேட்கவில்லை. "வாழ்க" என்று சொல்லிவிட்டுத் தேநீர் எடுக்கப் போனார்.

"பொய் சொல்லலையே நான்?" என்றார் கியூமர்ஸ். "ரெண்டு வாட்டி உண்மையச் சொன்னேன். மரியாதை தெரிஞ்ச மனுஷன், நம்பல."

பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. ஐந்து பேருக்கென்று நான் கொடுத்ததை, கேட்டவருக்கெல்லாம் கியூமர்ஸ் கொடுத்துவிட்டார். ரொட்டிக் கடைக்காரர், தூபாவின் தையல்காரி, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர். "கேக்கறவங்கள எப்படி இன்ஜினியரே இல்லேங்கறது?" கும்பகோணத்து வீட்டு இணைப்பு அவ்வளவு பேரைத் தாங்காது. வியாழக்கிழமை நாலு மணிக்குத் திரையில் ஒரு முகம் உறையாமல் அரைமணி நேரம் பேச வேண்டுமென்றால், மற்ற எல்லோரும் வெளியே போக வேண்டும். பாஸ்வேர்டை மாற்றினால் என்ன என்று கேட்பீர்கள். மாற்றினால் பெட்டியை மறுபடி தொடங்க வேண்டும். புதிதாகத் தொடங்கிய எந்த இணைப்பும் அந்த வாரம் உயிரோடு ஊரைத் தாண்டவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால்தான் அது ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தொட எனக்குத் துணிவில்லை.

யார் யாரிடம் இருக்கிறது என்பது கியூமர்ஸுக்கு மட்டுமே தெரியும்.

5

வியாழக்கிழமை மூன்றாம் நாள் துக்கம். முற்றத்தில் ஆண்கள், உள்ளே பெண்கள், அல்வாவும் பேரீச்சையும்.

காலையிலேயே யெக்தா, "நான் போகல. அப்பா போய் மூணு நாள்கூட ஆகல, திரைக்கு முன்னாடி உக்காந்து சிரிக்கச் சொல்றீங்களா?" என்றாள்.

தூபா அடுப்பில் அல்வா மாவைக் கிளறிக்கொண்டிருந்தார். கரண்டியை நிறுத்தவில்லை. "யாரு சிரிக்கச் சொன்னா? பதில் சொல்லு, போதும். உங்கப்பா இந்த நாலு மணிக்காக ஒரு வருஷமா ஊருக்கெல்லாம் கெஞ்சினாரு. மேல் அறையில போய்க் கதவச் சாத்திக்க. யார் என்ன பேசினாலும் நான் பாத்துக்கறேன்." பிறகு என்னிடம், "வஸ்லா?" என்றார்.

"இருக்கும்மா. ஆனா கூட்டம் அதிகம். மத்தவங்க வெளிய போகணும்."

"யார் யாருகிட்ட இருக்குன்னு தெரியுமா?"

"தெரியாது."

"அவரு கொடுத்தவங்கள்லாம் இன்னிக்கு இங்கதான் வருவாங்க" என்றார் தூபா. "வர்ற எல்லார்கிட்டயும் சொல்லுங்க. உள்ள நான் சொல்றேன்."

அப்படித்தான் வாசலில் போய் நின்றேன். இறந்தவரின் தம்பிக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர் கன்னத்தோடு கன்னம் வைக்கும்போது காதில் சொன்னேன்: "இறைவன் அவருக்கு அருளட்டும். நாலு மணிக்கு கும்பகோணத்த அணைச்சிடுங்க." சிலர் விழித்தார்கள். ரொட்டிக் கடைக்காரர் அழுகையை நிறுத்தி, "யெக்தாவுக்கா?" என்று மட்டும் கேட்டார்.

கஃபூரி வந்தார். கன்னம் வைத்தேன். முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

6

[இங்கே நான் அழுததாக ஒரு பத்தி இருந்தது. அது அன்று நடக்கவில்லை; அன்று வேலை இருந்தது.]

நாலு மணிக்குச் சற்று முன் சுகந்தியைச் சாதாரணத் தொலைபேசியில் பிடித்தேன். இன்வெர்ட்டரோடு பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டிக்குள் எத்தனை பேர் என்று அவள் திரையில் தெரியும், யார் என்று தெரியாது.

"முப்பதுக்கு மேல இருக்காங்கண்ணா."

முற்றத்தில் ஒருவர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். இன்னொருவர். கைப்பேசிகள் தலைகீழாகத் தொடைமேல் வந்தன. ஓதிக்கொண்டிருந்தவர்கூடப் பக்கத்தைத் திருப்புகிற சாக்கில் ஒன்றை அழுத்தினார்.

"கொறையுதுண்ணா. பதினொண்ணு... ஆறு... அண்ணா, ரெண்டு. ரெண்டுலயே நிக்குது."

ஒன்று யெக்தா. மேல் அறையின் கதவு சாத்தியிருந்தது. இன்னொன்று?

எனக்கு எதிரே கஃபூரி. ஒரு கையில் உருளும் ஜெபமணி, மறு கையில் கைப்பேசி.

"யார்கிட்ட பேசறீங்க இன்ஜினியர்?"

"தங்கச்சி சார்."

"நல்லா இருக்காங்களா?"

"வீட்ல ஒரு விருந்தாளி சார். கெளம்ப மாட்டேங்கறாரு. அவளுக்கு முக்கியமான வேல இருக்கு."

"யாரு விருந்தாளி?"

"அவளுக்குத் தெரியாது. கியூமர்ஸ் அண்ணன் கூப்பிட்டவரு."

மணிகள் நின்றன. கஃபூரி மேல் அறையின் சன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கைப்பேசியைத் தன் மார்புக்கு அருகே கொண்டுபோய்க் கட்டைவிரலால் ஒருமுறை தொட்டார்.

"உங்களுக்கில்லாததா" என்றார், மெல்ல.

"அண்ணா!" என்றாள் சுகந்தி. "ஒண்ணு."

7

இனி முடிவு.

முதலாவதாக எழுதியது: யெக்தா வென்றாள், பனி பெய்யும் ஒரு நகரத்தில்... நிறுத்திவிட்டேன். இரண்டாவது: ஏழாவது நிமிடத்தில் கும்பகோணத்தில் மின்சாரம்... அதையும். மூன்றாவது: மறுவாரம் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஒரு புதிய தலைவர் வந்தார், கஃபூரி எங்கே என்று யாரும்... இதை எழுதும்போது கை நின்றுவிட்டது.

இவற்றில் ஒன்று உண்மையாக இருக்கலாம், எதுவும் இல்லாமலும் இருக்கலாம். எதை உறுதி செய்தாலும் அது யாரோ ஒருவருடைய மேசைக்குப் போய்ச்சேரும். யெக்தாவை எந்த நகரத்தில் வைக்க வேண்டுமோ அங்கே நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கதவு சாத்தியிருந்த அந்த அரைமணி நேரம் முழுக்க முற்றத்தில் ஒருவரும் கைப்பேசியைத் தொடவில்லை. அதை மட்டும் நான் தருகிறேன்.

நான் ஊர் திரும்பி நாளாகிவிட்டது. பெட்டி சுகந்தி வீட்டுச் செருப்பு அலமாரிமேல் கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. முகவரியைத் தரமாட்டேன். பாஸ்வேர்டு இன்றும் அதேதான்.